வென்ட் ஹில் மேட்டில் என்னிடம் போனைக் கொடுத்த ஐந்து பேருக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி இருக்கும், இங்கிலாந்தின் தென்கடலோரத்தில் செவன் சிஸ்டர்ஸ், அதாவது ஏழு சகோதரிகள், என்று பெயர் வைத்திருக்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வரிசையின் கடைசி மேடான வென்ட் ஹில்லில் நீங்கள் ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தீர்கள், நான் மேற்கிலிருந்து தனியாக நடந்து வந்தேன். "டேய், அந்த ஆன்ட்டிகிட்ட கேளுடா" என்று உங்களில் ஒருவர் சொன்னார். ஆன்ட்டிக்குத் தமிழ் புரியும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? "குடுங்க தம்பி, ஆன்ட்டியே எடுத்துத் தரேன்" என்றதும் ஐந்து பேரும் சிரித்த சிரிப்பும், அடுத்த நொடியே ஆன்ட்டி அக்காவாக மாறியதும் இன்னும் நினைவிருக்கிறது. பெயர் கேட்கவில்லை, நம்பரும் வாங்கவில்லை. அதனால்தான் இப்படி ஊரறியக் கடிதம். உங்களில் ஒருவர் கண்ணிலாவது படும் என்று நம்புகிறேன். படாவிட்டாலும், அடுத்த வாரம் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பப்போகிற வேறு ஐந்து பேர் கண்ணில் படட்டும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. நியாயமாகப் பார்த்தால் திட்டு வாங்க வேண்டியவள் நான்தான். அதைச் சொல்வதற்கு முன் என்னுடைய அன்றைய நாளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கார் பார்க்கிலிருந்து நேராக அந்த மேட்டில் ஏறியிருந்தீர்கள், நான் அதே இடத்துக்கு ஐந்து மணி நேரம் நடந்து வந்திருந்தேன்.

காலையில் ஈஸ்ட் குராய்டனில் ரயில் ஏறி, லூயிஸில் மாறி, சீஃபோர்டில் இறங்கினேன். பையில் தயிர் சாதம், மாவடு, இரண்டு பாட்டில் தண்ணீர். வாரநாள் லீவு கிடைப்பதே அபூர்வம், கிடைத்தால் தனியாகத்தான் போவேன். "தனியாவா?" என்று கேட்காத ஆள் கிடையாது. தனியாகப் போனால் நினைத்த இடத்தில் உட்காரலாம், யாரிடமும் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு பகலுக்குச் சரியான நடை.

சீஃபோர்டை விட்டு ஏறியதுமே கிட்டிவேக் பறவைகளின் கத்தல். பாறைச் சுவரில் கால் வைக்கக்கூட இடமில்லாத விளிம்புகளில் கூடு கட்டிக்கொண்டு ஊரையே இரண்டாக்கிக்கொண்டிருந்தன. அந்த மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது, கீழே பழைய கடலோரக் காவலர் வீடுகளும் கக்மியர் ஆற்றின் முகத்துவாரமும், அவற்றுக்கு அப்பால் வெள்ளை வெளேர் என்று ஏழு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். போஸ்ட் கார்டில், காலண்டரில், உங்கள் இன்ஸ்டாவில் எல்லாம் வருகிற காட்சி இதுதான். ஏழு கன்னிமாரைக் கும்பிட்ட ஊரிலிருந்து வந்தவள், எண்ணாமல் விடுவேனா? எண்ணினேன். எட்டு மேடு வந்தது. திரும்ப எண்ணினேன், எட்டுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்மையிலேயே எட்டுதானாம்! பெயர் மட்டும் ஏழோடு நின்றுவிட்டது.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஏழு பேரையும் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். நீங்கள் நின்றது ஒருத்தியின் தலைமேல். அங்கிருந்து எடுத்தால் படத்தில் புல், நீங்கள், பின்னால் நீலம், அவ்வளவுதான் விழும்.

ஆற்று முகத்தில் பாலம் கிடையாது. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் உள்நாட்டுப் பக்கமாக எக்ஸீட் பாலம் வரை நடந்து, சாலையைக் கடந்து, அதே தூரம் திரும்பி வர வேண்டும். தண்ணீர் வற்றிய நேரத்தில் இறங்கிக் கடப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, மாற்று உடையும் இல்லை. வழியில் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடக்கிறது, ஆனால் அதில் ஓட்டம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே பக்கத்தில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்களாம். வளைவுகள் குளமாகத் தேங்கி நிற்கின்றன, வாத்துக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் ஏற்றம். முதல் மேடு ஹேவன் பிரோ, 77 மீட்டர், ஏழில் இதுதான் உயரம். ஏறி முடித்து மூச்சு வாங்கினால் உடனே இறக்கம், இறங்கினால் மறுபடி ஏற்றம், இப்படியே கடைசிவரை. பனியூழிக் காலத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, உருகின தண்ணீர் மண்ணுக்குள் இறங்க முடியாமல் மேலேயே ஓடி அறுத்த பள்ளங்கள் இவை. கடல் வந்து அவற்றைக் குறுக்கே வெட்டியதால்தான் இந்த அலை வடிவம். தலைக்கு மேல் வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருந்தது, என் முட்டியும் தன் பங்குக்கு ஏதோ பாடியது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட தம்பி, புது வெள்ளை ஷூ போட்ட தங்கை, மற்ற மூன்று பேர். போனை என் கையில் கொடுத்துவிட்டு நீங்களாகவே விளிம்பை நோக்கிப் போனீர்கள். வேலி கிடையாது, புல் முடிகிற இடத்தில் வானம் ஆரம்பிக்கிறது. நான் திரையைப் பார்த்தேன். ஐந்து பேரும் அடங்கவில்லை, மஞ்சள் ஜாக்கெட்டின் பாதித் தோள் வெட்டுப்பட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான்தான் இரண்டடி பின்னால் நகர்ந்திருக்க வேண்டும், எனக்குப் பின்னால் ஒரு மைதானமே காலியாகக் கிடந்தது. நகரவில்லை. கையை ஆட்டி, "கொஞ்சம் பின்னாடி போங்க, இன்னும் ரெண்டடி" என்றேன். வெள்ளை ஷூ தங்கை திரும்பிப் பார்க்காமலேயே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று பின்னால் வைத்தாள். எடுத்தேன். நாலு படம். "சூப்பர்க்கா" என்றீர்கள். போனைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

கால் மணி நேரத்தில் பர்லிங் கேப். அன்று இரும்புப் படி திறந்திருந்தது, இறங்கினேன். கடல் உள்வாங்கியிருந்த நேரம் என்பதால் பாறையடியிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய், வழவழ கூழாங்கல்லில் தடுமாறி நின்று திரும்பிப் பார்த்தேன். மேலே மஞ்சளாக ஒரு புள்ளி. நீங்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தீர்கள்.

நீங்கள் நின்ற இடத்துக்குக் கீழே பாறை இல்லை. புல்லும் அதைப் பிடித்திருந்த ஒரு முழ மண்ணும் ஓலைத் தாழ்வாரம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன, அதற்கடியில் வெள்ளைச் சுவர் உள்ளே வாங்கியிருந்தது. மேலிருந்து முட்டி போட்டு எட்டிப் பார்த்தாலும் இது தெரியாது. கீழே இறங்கியவருக்குத்தான் தெரியும். பக்கத்திலேயே கொஞ்ச நாளைக்கு முன் சரிந்த குவியல் ஒன்று, மாவு கொட்டினது மாதிரி, கடலில் பாலாகக் கரைந்துகொண்டிருந்தது. அதன் மேல்பக்கம் பச்சைப் புல் அப்படியே தலைகீழாகக் கிடந்தது.

கத்தினேன். "பின்னாடி போங்க!" காற்றில் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். மஞ்சள் ஜாக்கெட் தம்பி பார்த்துவிட்டார். அவரும் இரண்டு கையையும் தூக்கி சந்தோஷமாக ஆட்டினார். அப்புறம் மற்ற நாலு பேரும்.

நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் நீங்களாகவே திரும்பி நடந்தீர்கள். நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தயிர் சாதம் பாதி மீதி இருந்தது, இறங்கவில்லை.

சீமைச்சுண்ணாம்பு என்று நம்மூரில் சொல்வோமே, அந்தச் சீமையின் சுண்ணாம்பு இதுதான். 8 கோடிக்கும் அதிகமான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள், நடுநடுவே கருப்பாகச் சிக்கிமுக்கிக் கல் வரிசை. விரல் நகத்தால் கீறினாலே வருகிறது, கையில் சாக்பீஸ் மாதிரி ஒட்டுகிறது. இந்தப் பக்கத்துப் பாறைகளை வைத்து 2016இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பல ஆயிரம் ஆண்டுகளாக வருஷத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் அரித்த கடல் கடந்த 150 ஆண்டுகளாக வருஷத்துக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் அரிக்கிறது என்கிறது. சராசரி என்பதால் ஏமாந்துவிடாதீர்கள், வருஷா வருஷம் ஒரு சாண் என்று பாறை தவணை கட்டுவதில்லை. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் பல மீட்டர் விழும். ஈஸ்ட்போர்னுக்கு முன்னால் வருகிற பீச்சி ஹெட் பாறையில் டெவில்ஸ் சிம்னி என்று ஒரு பெரிய தூண் நின்றதாம், 2001இல் விழுந்தது. பர்லிங் கேப்பிலேயே வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு வருகிறார்கள். அங்கிருந்து ஏறினால் வருகிற பெல் டூட் கலங்கரை விளக்கத்தை, 850 டன் கட்டடம், 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். இங்கிலாந்தின் கடலோரப் பாதைக்கு வழி செய்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கடல் தின்னத் தின்னப் பாதையும் உள்ளே நகர்ந்துகொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கமும் சட்டமும் பின்வாங்குகிற இடத்தில், தம்பி, நாம் செல்ஃபிக்கு முன்னால் போகிறோம்.

மீதி நடை எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. பீச்சி ஹெட், 162 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. கீழே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட விளக்குக் கோபுரம் பொம்மை மாதிரி நின்றது. நான் எட்டிப் பார்க்கவே இல்லை, பாதையின் உள்பக்கமாகவே நடந்து ஈஸ்ட்போர்னில் இறங்கினேன்.

ரயிலில் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது படித்தேன். 2017இல் இதே மேடுகளில் ஒரு மாணவி, முன்பின் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, விளிம்பருகே துள்ளிக் குதித்தபோது விழுந்து இறந்திருக்கிறார். போனை வாங்கிய அந்த ஆளைத்தான் நான் குராய்டன் வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர், பெரிய எட்டாக எடுத்து வைத்தால் ஆறேழு, தள்ளி நில்லுங்கள். யாராவது போனை நீட்டி எடுத்துத் தரச் சொன்னால், நீங்கள் பின்னால் போய் எடுங்கள், அவர்களைப் போகச் சொல்லாதீர்கள். அடுத்த முறை சீஃபோர்ட் பக்கம் இறங்கி அந்தக் காவலர் வீடுகளுக்கு மேலே புல்லில் உட்காருங்கள், ஏழு பேரும், சரி எட்டுப் பேரும், உங்களுக்குப் பின்னால் முழுசாக வருவார்கள். மறுபடி அங்கே என்னைப் பார்த்தால் ஆன்ட்டி என்றே கூப்பிடுங்கள், பரவாயில்லை.

அந்த நாலு படத்தில் ஒன்றின் ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் விழுந்திருக்கும். பின்னால் போகச் சொல்லி ஆட்டிய கை, என்னுடையதுதான்.

அன்புடன்,
உங்கள் குராய்டன் அக்கா