கடைசி ஆள் வரும்வரை நின்றவர்களுக்கு

வணக்கம்.

இந்த ஜனவரியில் சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் ஓடி முடித்தேன். 21.1 கிலோமீட்டர். நான் முடிவுக் கோட்டைத் தொட்டபோது முன்னால் போனவர்களில் பலர் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் ஓட ஆரம்பித்தவள் நான். என் வேகம் இதுதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பின்னால் ஓடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற ஒரு விஷயம் உண்டு. எங்களுக்கு ஒருவர் உதவ வேண்டுமென்றால், தன் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்ட பிறகும் அவர் கிளம்பாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களுக்குத்தான் இந்த மடல். பெரும்பாலோருடைய பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

மெதுவாக ஓடுவது என்றால் என்ன என்று ஓடாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடுகிறவர் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். இருட்டில் தொடங்கி, வெளிச்சம் பரவும்போது அவருக்கு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜனவரி விடியலில் சென்னையில் இருபது, இருபத்திரண்டு டிகிரிதான் இருக்கும், ஆனால் கடல்காற்றின் ஈரத்தில் வேர்வை காயவே காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஏழரை மணிக்கு மேல் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆக அதே தூரத்தைக் கூடுதல் நேரமும் கூடுதல் சூட்டிலும் நாங்கள் ஓடுகிறோம். தண்ணீர் அதிகம் தேவைப்படுவது எங்களுக்குத்தான். மேசையில் தண்ணீர் தீர்ந்துபோக அதிக வாய்ப்பு உள்ள நேரத்தில் வந்து சேர்வதும் நாங்கள்தான்.

முதல் நன்றி அந்தத் தண்ணீர் மேசைகளில் நின்ற பிள்ளைகளுக்கு. பத்து கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டங்களில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் ஊர் வெயிலுக்கு அது போதாது என்று தெரிந்து, இங்கே நடத்துகிறவர்கள் இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைக்கிறார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் இருபது லிட்டர் கேன்களைத் தூக்க ஆள் வேண்டும், கப்பில் ஊற்ற ஆள் வேண்டும், ஆரஞ்சை நறுக்க, வாழைப்பழத்தைப் பாதியாக வெட்ட, உப்பையும் கடலை மிட்டாயையும் பிரித்து வைக்க ஆள் வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கே வந்துவிடுகிற கல்லூரிப் பிள்ளைகள் இவர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போன பிறகு, தொண்டை கட்டி, கை சிவந்து, வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது நாங்கள் வருகிறோம்.

பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் ஆரஞ்சு தீர்ந்திருந்தது. அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண் ஓடிவந்து மேசைக்கு அடியிலிருந்து மூடிவைத்த தட்டு ஒன்றை எடுத்தாள். "பின்னாடி வர்றவங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சோம் ஆன்ட்டி" என்றாள். ஆரஞ்சுச் சுளையின் மேல் உப்பும் தூவியிருந்தார்கள். என் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையில் பெயரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். அப்புறம் அவர்களில் ஒரு பையன் என்னோடு கொஞ்ச தூரம் ஓடியும் வந்தான், கையில் தண்ணீர் கப்போடு. யார் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தங்களுக்கே பசியாக இருந்திருக்கும் நேரத்தில், இன்னும் வராத ஒருவருக்கு ஒரு தட்டு பழத்தை எடுத்து வைக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைகளே, அந்தச் சுளையின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேறோர் ஊரில் ஓர் ஓட்டத்துக்குப் போயிருந்தேன். ஓட்டத்தை முடிக்கக் கொடுத்த கெடு நேரம் தீர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கடைசி இரண்டு தண்ணீர் மேசைகளையும் மடக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வழியில் ஒரு பெட்டிக்கடைக்கார அம்மா தன் பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அந்த ஓட்டத்தின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லத்தான் விருப்பம்.

அடுத்தது மருத்துவக் குழுவில் இருந்த அந்த இளம் டாக்டருக்கு. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் என் நடையைப் பார்த்து நிறுத்தினார். தலை சுற்றுகிறதா, இதுவரை எத்தனை கப் தண்ணீர் குடித்தீர்கள், விரலில் மோதிரம் இறுகுகிறதா என்று கேட்டார். மோதிரம் இறுகித்தான் இருந்தது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள், தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், உப்பும் சேரட்டும் என்று சொல்லி, சற்று நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று புரிந்தது. 2002 போஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நேரம் எடுத்து ஓடுகிறவர்கள் மேசைக்கு மேசை நின்று குடிக்கிறார்கள், ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகிறது, விரலும் வீங்கி மோதிரம் இறுகுகிறது. வெயிலில் ஓடினால் தண்ணீர் குடி என்று எல்லாரும் சொல்வார்கள். அளவோடு குடி என்று சொல்லத் தெரிந்த ஒருவர் சாலையோரத்தில் நின்றது என் அதிர்ஷ்டம். டாக்டர், நீங்கள் செய்தது பெரிய காரியம்.

மூன்று மணி நேர 'பஸ்'ஸை ஓட்டிய பேசர் தம்பிக்கு என்ன சொல்ல? ஓடாதவர்களுக்காக ஒரு வார்த்தை: முடிக்கும் நேரத்தை எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீரான வேகத்தில் முன்னால் ஓடுகிறவர்தான் பேசர். அவருக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தை பஸ் என்போம். மூன்று மணி நேரத்தில் அரை மாரத்தான் என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. தனக்கென்று ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடியவர் இந்தத் தம்பி. ஒரு வருடம் காத்திருந்து வருகிற ஓட்டத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்து, எங்கள் வேகத்துக்குத் தன் காலைக் கட்டிவைத்துக்கொண்டு வந்தார். நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று விசில் ஊதி நடத்தினார். ஓட்டத்துக்கு நடுவில் திட்டமிட்டு நடப்பதை அமெரிக்க ஒலிம்பிக் வீரர் ஜெஃப் காலவே 1974லேயே புதிதாக ஓட வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அதையே ஒரு முறையாக ஆக்கினார். நம் ஊரில் இன்னும் சிலர் நடப்பதை அவமானமாக நினைக்கிறார்கள். தம்பி எங்களிடம் தொடக்கத்திலேயே, "களைச்ச பிறகு நடக்காதீங்க, களைக்கிறதுக்கு முன்னாடி நடங்க" என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

பதினேழாவது கிலோமீட்டரில் நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். கொடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. முடிவுக் கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எதிரே அதே கொடி வருகிறது! தன் கூட்டத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மெடல் மாட்டிய கையோடு திரும்பி வந்திருக்கிறார், பின்தங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு போக. "வாங்கக்கா, போலாம்" என்றார். வேறெதுவும் பேசவில்லை. அவருக்கு அது கூடுதலாக இரண்டு கிலோமீட்டர். தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஓட்ட நாளில் வந்து நின்றவர்களுக்கு மட்டும் நன்றி சொன்னால் போதாது. 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்பு பகுதிவாரியாகக் குழுக்களை உண்டாக்கியிருப்பதால், என்னைப் போன்றவர்கள் தனியாக ஓட வேண்டியதில்லை. ஞாயிறு அதிகாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் கூடுவோம். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டேனிஷ்காரரின் நினைவாக எழுப்பியது அது. பலர் அதை வெறும் வெள்ளைச் சுவராகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயரைப் படியுங்கள்.

நீண்ட ஓட்ட நாட்களில் முறைவைத்து ஒருவர் ஓடாமல் காரில் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார். கார் டிக்கிதான் எங்கள் தண்ணீர் மேசை. தன் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டு, கடைசி ஆளான எனக்காக டிக்கியைத் திறந்துவைத்துக் காத்திருந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்ற அக்காவுக்குத் தனியாக நன்றி. அவர் ஒருநாளும் என்னை இருட்டில் தனியாக நடக்கவிட்டதில்லை. பக்கத்து அடுக்குமாடியின் வாட்ச்மேன் அண்ணன், நாங்கள் கடக்கும் நேரம் பார்த்து, கையில் தடியோடு தெருநாய்களைத் தள்ளி நிறுத்திவைப்பார். மழை நாளிலும் நின்றார்.

பெண்கள் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிற பெண்ணுக்கு முதல் கவலை காலைப் பற்றியது இல்லை, கழிப்பறையைப் பற்றியது. ஐந்து மணிக்குப் பூட்டு போட்ட கதவுகள்தான் எங்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஓடிய தோழிகளை எனக்குத் தெரியும். எங்கள் பாதையில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவுப் பணியில் இருக்கும் ஊழியர்கள், நாங்கள் கேட்காமலே பெண்கள் கழிப்பறையைக் கழுவி, விளக்கைப் போட்டு, சாவியை வெளியே மாட்டிவைக்க ஆரம்பித்தார்கள். ஓட்டத்தைப் பற்றி எத்தனையோ பேர் எங்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சாவி அளவுக்கு எதுவும் உதவவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் ஒரு நன்றி. 2013இல் தொடங்கிய கோவை மாரத்தான் அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடப்பது. காலைக் குளிரில் வாசலுக்கு வந்து நின்று கைதட்டிய பாட்டிமார்கள் ஓட்டம் முடிகிறவரை நின்றார்கள். ஆரோவில் மாரத்தானில் பரிசே கிடையாது. காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓடும்போது முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை. நேரத்தைப் பற்றிய பயமில்லாமல் முதல்முறை நான் ஓடியது அங்கேதான்.

போக்குவரத்துக் காவலர்களுக்கு வருகிறேன். சாலையைத் திறக்கச் சொல்லி ஒருபக்கம் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்க, மறுபக்கம் நான் மெல்ல வந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் காவலர் கையை நீட்டி மொத்தச் சாலையையும் நிறுத்திவைத்தார், என்னையும் எனக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவரையும் கடக்கவிடுவதற்காக. அங்கே காத்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனை விட்டுவிட்டுக் கைதட்டினார். இரண்டு பேருக்கும் நன்றி. காத்திருந்த மற்ற வண்டிக்காரர்களுக்கும்தான், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். முன்னால் ஓடுகிறவர்களுக்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான் அவர்களுக்குச் சில நூறு அடிதான் முன்னால் இருந்தேன். காலடியில் நசுங்கிய கப், ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், எல்லாவற்றையும் குனிந்து பொறுக்கிக்கொண்டே வந்தார்கள். அத்தனை கிலோமீட்டரையும் அவர்களும் நடந்தார்கள், குனிந்துகொண்டே. அவர்களுக்கு மெடல் கிடையாது. ஓட்டக்கார நண்பர்களே, கப்பைத் தொட்டியில் போடுவதற்கு இரண்டு விநாடிதான் ஆகும். அந்த இரண்டு விநாடியை விட்டுக்கொடுங்கள்.

வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் நேரில் சொல்லிவிட்டேன். ஓட்டத்துக்கு முந்தின இரவு எட்டு மணிக்கே வீட்டில் விளக்கை அணைத்தவர்கள் அவர்கள்.

நடத்துகிற அன்பர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். தொண்டர்களுக்கு வேலை சொல்லும்போது, கெடு நேரம் எதுவரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி மூன்று மேசைகளுக்குத் தண்ணீரையும் உப்பையும் தனியாக ஒதுக்கிவையுங்கள். வெயிலில் நிற்கிற அந்தப் பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு இட்லிப் பொட்டலம் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.

ஆரஞ்சுத் தட்டை ஒளித்துவைத்த மாணவியை, மோதிரத்தைக் கேட்ட டாக்டரை, மூன்று மணி நேரக் கொடியோடு திரும்பி வந்த தம்பியை யாருக்காவது தெரிந்தால், இந்த மடலை அவர்களிடம் காட்டுங்கள். நீல நிறச் சட்டையும் மஞ்சள் தொப்பியும் போட்டு, கடைசிக் கூட்டத்தில் வந்த வேளச்சேரி அக்கா எழுதியது என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அடையாளம் தெரியும்.

அன்புடனும் நன்றியுடனும்,
வேளச்சேரியிலிருந்து ஓர் ஓட்டக்காரி