இஸ்திரிப் பெட்டியின் மேல் பழி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. "சரி, பார்க்கலாம்" என்று மகன் ஒற்றை வரியில் பதில் அனுப்பியதற்காக அரை நாள் அவனோடு பேசாமல் இருந்தாயாமே. வயதாக ஆகத் தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டேனா என்று வேறு கேட்டிருக்கிறாய்.

போன வாரம் என் வீட்டில் ஒரு கூத்து. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் போதும், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்து வீடே இருண்டுவிடும். பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. பிறகு வந்த எலெக்ட்ரீஷியன் அதைத் தொடவே இல்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கசிவை அளந்தார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால் விழுவதுதான் ஆர்சிசிபியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே விழலாம்; விதியிலேயே அதற்கு இடம் உண்டு. என் வீட்டில் கணினிகள், சலவை இயந்திரம் என்று எல்லாமே எர்த்துக்குத் துளித்துளியாகக் கசிந்து, ஏற்கெனவே விளிம்பில் நின்றிருக்கிறது. தனியாகப் பார்த்தால் எதிலும் கோளாறு இல்லை. கடைசியாக வந்த இஸ்திரிப் பெட்டி பழி சுமந்தது.

அம்மாவின் மருத்துவமனை அலைச்சல், தூங்காத இரவுகள், அலுவலகக் கணக்கு முடிப்பு என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அவற்றில் எதற்கும் நீ கோபப்பட்டதாக ஒரு வரி இல்லை. பையன்தான் மாட்டிக்கொண்டான்.

எதையும் கண்டுகொள்ளாதே என்று உன் தம்பி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாமா என்று நானும்தான் கேட்டேன். எலெக்ட்ரீஷியன் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. லைனை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்சிசிபி போட்டுவிட்டுப் போனார்.

மகனுக்குப் பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்ததாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்கும் மின்னணுவியலில் ஒரு மருந்து இருக்கிறது. ஒரே எல்லைக்கோடு இருந்தால், அதன் அருகே சிறு சலசலப்பு வந்தாலும் சுற்று மாறிமாறித் துடிக்கும். ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1934-இல் இரண்டு கோடுகள் வைத்தார்: விழித்துக்கொள்ள ஒன்று, அடங்குவதற்கு அதைவிடத் தாழ்வாக இன்னொன்று. இடையில் எது ஆடினாலும் சுற்று அசையாது. கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது பிறந்த யோசனை அது. கணவாய்க்கு இருக்கிறது, நமக்கு இல்லை பார்.

வரும் சனி, ஞாயிறு நான் அங்கே வந்து அம்மாவோடு இருக்கிறேன். நீ தூங்கு. பையனிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
மணி