வெடிவிபத்து விசாரணைக்கு அதிர்வுப் பதிவும் வேண்டும்

ஐயா, பட்டாசு ஆலை வெடிவிபத்து விசாரணைகள் இழுத்துக்கொண்டே போவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். சாட்சிகளின் நினைவை மட்டும் நம்பி எத்தனை காலம் விசாரிப்பது? 2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது, வேறு கப்பலோடு மோதியது என்ற பேச்சும் கிளம்பியது. நார்வேயின் நில அதிர்வு நிலையங்களிலோ இரண்டு வெடிப்புகள் பதிவாகியிருந்தன. முதலாவது சிறியது, சுமார் 2 நிமிடம் 15 விநாடி கழித்து வந்தது பல மடங்கு பெரியது. கப்பலுக்குள் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தப் பதிவு பெரிதும் உதவியது.

சாத்தூர் பக்கம் ஓர் ஆலை வெடித்தால் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலும் அதிரும். அப்புறம் விசாரித்தால், ஒரே சத்தம் என்பார் ஒருவர், மூன்று என்பார் இன்னொருவர். எது முதலில் வெடித்தது என்பதுதானே விசாரணையின் உயிர்! நிலத்தில் பரவும் அலை முந்தியும் காற்றில் வரும் ஒலி பிந்தியும் வந்து சேரும். அந்த இடைவெளியிலிருந்து தூரத்தைக் கணிக்கலாம், பல கருவிகள் இருந்தால் இடத்தையும் குறிக்கலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் சிறிய அதிர்வுமானிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் அரசு நிறுவி, பதிவுகளை விசாரணை அதிகாரிகளுக்கும் இறந்தோரின் குடும்பங்களுக்கும் தர வேண்டும்.

- ஒரு வாசகர், சாத்தூர்