மீதி 165 நாள் சாப்பிட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளியில் உணவு போட்டால் வருகை கூடுகிறது, ரத்தசோகை குறைகிறது என்றெல்லாம் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரை முழுக்க விடுமுறை என்ற சொல்லே வரவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரும்பாலான நாடுகளில் பள்ளி நடப்பது ஆண்டுக்கு 200 நாள், கொஞ்சம் முன்னே பின்னே. மீதி 165 நாள்? முப்பது வருடம் வகுப்பெடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திங்கட்கிழமை மதிய வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டாவது முறை தட்டை நீட்டுகிற பிள்ளைகள் அன்றைக்குத்தான் அதிகம். நீண்ட விடுமுறை முடிந்து வருகிற முதல் வாரம் இன்னும் மோசம். "என்னம்மா இப்படி இளைச்சுட்ட" என்று கேட்டால் சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வந்ததில்லை.

2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது உலகம் முழுக்க சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவு நின்றுபோனதாக ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் கணக்குச் சொன்னது. அப்போதுதான் எல்லோரும் பதறினார்கள். பதறிய அரசுகள் உலர் பொருளாகவோ பணமாகவோ கூப்பனாகவோ வீட்டுக்கே கொடுத்தன, ஆக முடியாத காரியம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் அந்தக் கோடை விடுமுறைக்குக் கூப்பன் கிடையாது என்று கையை விரித்த அரசு, கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் பகிரங்கக் கடிதம் வெளியான மறுநாளே இறங்கி வந்தது. அமெரிக்காவில் 2024 முதல் கோடை மாதங்களில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 40 டாலர் மளிகைக்கென்று தருகிறார்கள். வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட மாநிலங்களும் உண்டு. இந்தியாவில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியாயிற்று. வறட்சி வந்தால்தான் வயிறு பசிக்குமா, அது கிடக்கட்டும்.

வீட்டுக்குப் பொருளாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேராது, எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். பசித்த தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அக்கா மட்டும் எப்படிச் சாப்பிடுவாள்? அதனால் அளவைக் கூட்டுங்கள் என்பேனே தவிர நிறுத்தச் சொல்லமாட்டேன். சமைத்தே போட முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் தயவுசெய்து "ஏழைக் குழந்தைகளுக்கு இலவச உணவு" என்று பலகை வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை எதுவும் அந்தப் பக்கமே வராது. விளையாட்டு, வாசிப்பு என்று ஏதாவது வைத்து நடுவில் சாப்பாடு போட்டால் எல்லாப் பிள்ளைகளும் வரும், யார் எதற்காக வந்தார்கள் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. அப்புறம், சமைக்கிறவர்கள். இந்தியாவில் மத்திய அரசின் விதிப்படி அவர்களுக்கு ஆண்டில் 10 மாதத்துக்குத்தான் மதிப்பூதியம், விடுமுறையில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கதியும் இதேதான்.

இனிமேல் இத்தனை கோடிப் பேருக்கு உணவு வழங்குகிறோம் என்று எந்த அரசு அறிக்கை அனுப்பினாலும் அதை அப்படியே அச்சிடாமல், வருடத்தில் எத்தனை நாளைக்கு என்று கேட்டு அந்த எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி