எமது திருகோணமலைப் பட்டதாரிகள் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபையினரே, இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நீலக் குறி விழுந்தால் வாசித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வேன்.

கடந்த ஆண்டில் நிர்வாக சபை 9 தடவை கூடியது. அதில் 3 தடவை கூட்டம் நடத்தப் போதிய ஆள் சேராமல், அதாவது கோரம் இல்லாமல், தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். தைப்பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வந்தபோது தண்ணீர்ப் பந்தல் போட்டோம். இரத்ததான முகாம் நடந்தது. உயர்தர மாணவர் கருத்தரங்கு மழையால் ஒருமுறை தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. மறைந்த அங்கத்தவர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலை. இதைப் பற்றிச் சந்தையடியிலும் கலியாண வீடுகளிலும் பலவிதமாகப் பேசப்பட்டதால், நடந்ததை நடந்தபடி பதிந்துவைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தன்னிடம் படித்துச் சாதனை புரிந்த பட்டதாரிகளை அழைத்துக் கௌரவிக்கப் போவதாகவும், மாவட்டச் சங்கங்கள் மூன்று பெயர்வரை பரிந்துரைக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. நம் சங்கம் எல்லாப் பல்கலைக்கழகத்தாருக்கும் பொதுவானது. பேராதனைக்காரர் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக்காரர் இருக்கிறார்கள், 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய கையோடு படிக்கப் போனவர்களும் இருக்கிறார்கள். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது என்பதை அவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் நமக்கு நினைவுபடுத்துவார்கள். 2001இல் அதன் திருகோணமலை வளாகம் வந்த பிறகு ஊரிலேயே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். வளாகம் இருக்கும் கோணேசபுரியிலிருந்து நகரத்துக்கு பஸ் ஓடாமல் இல்லை. ஆனாலும் அவர்களில் எத்தனை பேர் நம் அங்கத்தவர்கள் என்று கேட்காதீர்கள்.

கடிதத்தோடு 8 பக்கப் படிவமும் வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, சர்வதேச விருதுகள் எவை, வகித்த உயர் பதவிகள் யாவை என்று பெட்டி பெட்டியாகக் கேட்டிருந்தார்கள். நம் ஊர் இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவரை இந்தப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் அடைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பெயர்களைத் தெரிவுசெய்ய ஐவர் கொண்ட உபகுழு அமைத்தோம். முதல் கூட்டத்துக்கு இருவர் வந்தார்கள், ஒருவர் நான். இரண்டாவது கூட்டத்துக்கு நான் மட்டும் போய், மண்டபத்துக் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். ஆகவே “செயலாளர் தன்னிச்சையாகப் பெயர் போட்டார்” என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில்: ஆம், போட்டேன். இச்சை உள்ள வேறு ஆள் அங்கே இல்லை.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று மோட்டார் சைக்கிளில் அலைந்து மூன்று பேரின் விபரங்களைச் சேர்த்தேன். ஒருவர் வெளிநாட்டில் ஆய்வாளர். இன்னொருவர் வங்கித் துறையில் உயர்ந்த அம்மையார். மூன்றாமவர் மூதூரில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நம் மாவட்டமும் இருக்கிறது. இடம் ஒதுக்கினால் மட்டும் பிள்ளை பொறியியல் பீடத்துக்குப் போய்விடாது, படிப்பிக்க ஆள் வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போய்வருவது என்னபாடு என்று இளையவர்களுக்குத் தெரியாது. படகுப் பாதையில் ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்சுக்காகத் துறையடியில் காத்துக் கிடக்க வேண்டும். மாற்றம் கேட்டு நகரத்துக்கு வர அந்தக் காலத்தில் எல்லோரிடமும் காரணம் இருந்தது. சேர் கேட்கவில்லை.

நான் படிவத்தோடு போனபோது அவர் சொன்னது: “தம்பி, நான் படிப்பிச்சன், அவங்கள் சம்பளம் தந்தவங்கள். இதில என்ன சாதனை?” மூன்றாம் தடவை போனபோது அவருடைய மனைவி தேநீர் வைத்துவிட்டு, “நீங்களே நிரப்புங்கோ, அவர் கையெழுத்து வைப்பார்” என்றார். நிரப்பினேன். ஆய்வுக் கட்டுரைகள் என்ற பெட்டியில் கோடு போட்டேன். கடைசிப் பக்கத்தில் அவரிடம் படித்துப் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் ஆனவர்களின் பெயர்களை எழுதினேன். இடம் போதாமல் தாள் ஒட்டினேன்.

முதல் இரண்டு விண்ணப்பமும் ஏற்கப்பட்டன. சேருடையது திரும்பி வந்தது. பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இணைக்கப்படவில்லையாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அவர் வீட்டு அலுமாரியோடு கொண்டுபோன சான்றிதழ் அது. பட்டம் கொடுத்தவர்களே, தங்களிடம் படித்தவரைக் கௌரவிப்பதற்கு, தாங்கள் கொடுத்த சான்றிதழை அவரிடமே கேட்கிறார்கள். தொலைபேசியில் நான் இதைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பொலிஸ் முறைப்பாடு, சத்தியக்கடதாசி, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு மூன்றும் இருந்தால் மறுபிரதி தரலாம், ஆனால் விழாவுக்கு முன் முடியாது என்றார். விண்ணப்பத்தை நான் பிந்தி அனுப்பினேன் என்று சொல்பவர்கள் கூரியர் பற்றுச்சீட்டைப் பார்க்கலாம். சங்கத்தின் ஆவணக் கோவையில் இருக்கிறது.

விழாவுக்கு 14 பேர் போகும் வேன் பிடித்தோம். பெயர் கொடுத்தவர்கள் 13 பேர், காலை ஐந்தரைக்கு வந்தவர்கள் 4 பேர். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கலியாண வீடு, மற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. வேன்காரருக்கு முழுக் காசும் கொடுத்தோம். நாம் பரிந்துரைத்த ஆய்வாளர் தெரிவாகியிருந்தார். திரையில் தோன்றி நன்றாகப் பேசினார். தன்னை உருவாக்கிய பல்கலைக்கழகத்துக்கும் பேராசிரியர்களுக்கும் குடும்பத்துக்கும் நன்றி சொன்னார். நம் சங்கத்தின் பெயர் வரவில்லை. சரி, நேரம் போதாமல் இருந்திருக்கும். அவருடைய சந்தா 6 வருடமாக நிலுவையில் இருப்பதையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சந்தா என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். வருடத்துக்கு 1,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 100 ரூபாயும் இல்லை. பதிவேட்டில் 126 பேர் இருக்கிறார்கள், கட்டியவர்கள் 38 பேர். “என்னுடைய பெயர் ஏன் பரிந்துரைக்கப்படவில்லை?” என்று எனக்குக் கடிதம் எழுதிய மூவரும் அந்த 38 பேருக்குள் இல்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. வேன், கூரியர், போட்டோக்கொப்பி, பெட்ரோல் ஆகியவை ‘இதர செலவு’ என்ற தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்பு இம்முறை சற்று நீளமாக இருக்கும். பெட்ரோலில் ஒரு பகுதியை நான் கோரவில்லை என்பதைப் பொருளாளர் அறிவார்.

மண்டபம் தந்த அதிபருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், கணக்காய்வாளருக்கும், இன்றைய சிற்றுண்டிக்குப் பொறுப்பேற்ற மகளிர் அங்கத்தவர்களுக்கும், ஆலோசனை வழங்கிய தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வேனா என்று சிலர் கேட்டார்கள். நான்கு வருடம் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். யார் முன்வந்தாலும் கோவைகளை அன்றைக்கே ஒப்படைப்பேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாலும் நம் மாவட்டப் பட்டதாரி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று இந்த அலைச்சலில் ஒரு பதிவேடு தொடங்கினேன். அதில் 41 பக்கம் முடிந்திருக்கிறது. சித்த மருத்துவம் படித்துவிட்டுக் கிராமங்களில் வேலைசெய்யும் பிள்ளைகளின் பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அதைத் தொடர்வதற்குக் கையெழுத்து நன்றாக உள்ள, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் என் முடிவை மறுபரிசீலனை செய்யலாம்.

சேருடைய சத்தியக்கடதாசி சமாதான நீதவானிடம் முடிந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாடு மட்டும் பாக்கி. அதற்காக வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மூதூர் போகிறேன். பின் இருக்கையில் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

செயலாளர்
திருகோணமலை