மாத்திரைக்கு மட்டும் பணம் தந்தால் போதாது

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியத்துக்கு நன்கொடை அளிக்கும் நாடுகளின் நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் அறிவிக்கப்பட்ட நன்கொடைகளின் கூட்டுத்தொகை 1,134 கோடி டாலர். அடுத்த மூன்றாண்டுகளுக்கு உலக நிதியம் கேட்டிருந்ததோ 1,800 கோடி. இந்தப் பற்றாக்குறையை எதில் வெட்டி ஈடுகட்டுவது என்று ஏழை நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள் இனிக் கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு எப்படி முடியும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மாத்திரை வாங்கும் பணத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்களை நிறுத்துவார்கள். அதைத் தடுக்கும் நிலையில் நீங்கள் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. மாத்திரை இன்று மலிவு. ஆனால் அந்த மலிவு போராடிப் பெற்றது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எய்ட்ஸை உண்டாக்கும் அந்த வைரஸ் அடங்குகிறது என்ற செய்தி 1996 வான்கூவர் எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானபோது, ஒருவருக்கான ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. பணம் இருந்த நாடுகளில் சாவு குறைந்தது, ஆப்பிரிக்காவில் பெருகியது. 2000-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டு மேடையில் ங்கோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன் தன் நோயைப் பற்றிப் பேசினான். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனான். மருந்து கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 2001-ல்தான் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் கூட்டு மருந்தைத் தர முன்வந்தார். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்த இந்தியாவின் 1970 சட்டம், அதே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்க விட்டதால், அதற்கு வழிவிட்டிருந்தது. மலிவு மருந்துக்கு வழிவிடும் சட்டத்துக்காகத் தென்னாப்பிரிக்க அரசை நீதிமன்றத்துக்கு இழுத்த 39 மருந்து நிறுவனங்கள், தெருவில் திரண்ட நோயாளிகளின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் அந்த ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதன்பின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து அடங்கிய, நாளுக்கு ஒன்று போட்டால் போதுமான மாத்திரையை ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்குவதாக உலக நிதியம் 2023-ல் அறிவித்தது.

இந்த வெற்றியில் உங்கள் நாடுகளின் வரிப்பணத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதற்கு மனமார்ந்த நன்றி. 2024 இறுதியில் உலகில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மீதி 92 லட்சம் பேருக்கு அது இன்னும் எட்டவில்லை. அந்த ஓராண்டில் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். 45 டாலர் மாத்திரை இருக்கும் காலத்தில் இவ்வளவு பேர் ஏன் சாகிறார்கள்?

ஏனென்றால் மாத்திரை தானாக நடந்து போவதில்லை. முதலில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிய வேண்டும். தெரிந்த அன்று அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்; பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகர் வேண்டும். கணவரிடம் சொன்னால் வீட்டைவிட்டுத் துரத்துவாரோ என்று பயப்படும் பெண்ணுக்கு, அதே நிலையைக் கடந்து வந்த இன்னொரு பெண்ணின் துணை வேண்டும். மாத்திரை வாங்க வர வேண்டிய நாளில் வராதவரைத் தேடிப் போக ஒரு களப்பணியாளர் வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வைரஸ் அளவுப் பரிசோதனையும், ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போக ஒரு வண்டியும், முடிவைத் திரும்பக் கொண்டுவர ஓர் ஆளும் வேண்டும். இந்தப் பணியாளர்களில் பலர் தொற்றோடு வாழ்பவர்கள்தான். பட்ஜெட்டில் அவர்களின் ஊதியம் "நிர்வாகச் செலவு" போலத் தோன்றும், சிகிச்சையில் பாதி அவர்கள்தான் என்றாலும்.

2025 ஜனவரியில் இது கண்முன்னே நடந்தது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்திவைத்தது. சில நாட்களில் உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு அளிப்பதாகச் சொன்னார்கள். காகிதத்தில் மாத்திரை காப்பாற்றப்பட்டது. ஆனால் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட செவிலியர்களும் களப்பணியாளர்களும் அந்த விலக்கோடு சேர்ந்து திரும்பி வந்துவிடவில்லை. மருந்து கிடங்கில் இருந்தும் கொடுக்க ஆளில்லாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் முற்றிலும் நின்றுபோனால் 2029-க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணித்திருக்கிறது.

எச்.ஐ.வி. சிகிச்சையில் இடைவெளி என்பது ஆபத்து. மருந்து வைரஸை அடக்கி வைக்குமே தவிர உடலிலிருந்து துடைத்துவிடாது. நிறுத்திய சில வாரங்களில் அது மீண்டும் பெருகும். விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்கே அடங்காத வைரஸ் உருவாகலாம். தடையின்றிப் போட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. ஆகவே ஒருவரின் சிகிச்சை அறுபடாமல் இருப்பது இன்னொருவருக்குத் தொற்று வராமல் இருப்பதும்கூட. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மருந்துக்கு, ஆண்டுதோறும் நிச்சயமற்ற நிதி என்பது எப்படிப் பொருந்தும்?

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொற்றுள்ள பெரியவர்களில் 78 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருக்க, குழந்தைகளில் 55 விழுக்காட்டினர்தான் இருக்கிறார்கள். தொற்றோடு பிறக்கும் குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு வயதுக்குள் சாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும், ஸ்ட்ராபெர்ரி சுவை கொண்ட டோலுடெகிராவிர் மாத்திரை 2020 இறுதியிலேயே ஆண்டுக்கு 36 டாலர் என்ற விலையில் அறிவிக்கப்பட்டுவிட்டது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கும் என்பதால், அந்தப் பொருள்களைத் தேடும் சாதாரணப் பரிசோதனை குழந்தைக்குப் பயன்படாது. வைரஸையே தேடும் பரிசோதனை வேண்டும், அதற்கு ஆய்வகம் வேண்டும், முடிவு வரும்வரை அந்தத் தாயைக் கைவிடாமல் தொடர ஆள் வேண்டும். மறுபடியும் ஆட்கள்.

"அந்தந்த நாடுகளே இதை ஏற்கட்டும்" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பட்ஜெட்டில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் 2001-ல் அபுஜாவில் உறுதியளித்தன. பெரும்பாலானவை அதைக் காப்பாற்றவில்லை. ஜிம்பாப்வே போல எய்ட்ஸுக்கென்றே வருமான வரியின் மேல் 3 விழுக்காடு கூடுதல் வரி வசூலிக்கும் நாடும் உண்டு. ஆனால் சுகாதாரத்துக்குச் செலவிடுவதைவிட அதிகமாகக் கடனுக்கு வட்டி கட்டும் நாட்டிடம், பல ஆண்டுகளாக நீங்கள் சுமந்ததை ஒரே ஆண்டில் தோளில் ஏற்றிக்கொள் என்று சொன்னால் அது முறையான கைமாற்றம் ஆகாது. அந்தக் கடனில் ஒரு பகுதி உங்களுக்கே வந்து சேர வேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே, அடுத்த மானிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன், ஜோஹன்னஸ்பர்க்கில் விடுபட்ட தொகையை நிரப்பக் கூடுதல் நன்கொடைகளை அறிவியுங்கள். களப்பணியாளர், ஆலோசகர், ஆய்வகப் பணியாளர் ஊதியங்களை மருந்துக்கு இணையான செலவாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உதவியைக் குறைத்தே ஆக வேண்டிய நாடு எதுவானாலும், ஆண்டு வாரியான அட்டவணையை முன்கூட்டியே அந்த அரசோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் தொற்றோடு வாழ்பவர்களின் அமைப்புகளுக்கும் இடம் கொடுங்கள். அட்டவணை இல்லாமல் எந்த நாட்டிலிருந்தும் வெளியேற மாட்டோம் என்று உலக நிதியத்தின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும் ஒரு குடிமகள்