கோழிக்கூட்டின் மேல் ஒரு தகடு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்ல வேண்டிய நன்றி இது. உங்களில் பாதிப் பேருடைய முகவரி என்னிடம் இல்லை. மீதிப் பேர், "இதுக்கெல்லாம் எதுக்கு சார் நன்றி, டீ சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அது யார் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நாலு வருஷமாக நானும் என்னிடம் படித்த பையன்கள் மூன்று பேரும் மதுரையைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளங்கள், விழுந்த விமானங்களின் தடங்கள், அவற்றைக் கண்ணால் பார்த்தவர்களின் ஞாபகம், இவற்றை எழுதி வைப்பதுதான் வேலை. புதையல் தேடுகிறோம் என்று சிலர் நினைத்தார்கள். வலையங்குளம் பக்கம் ஒரு டீக்கடையில் எங்களை நிலப் புரோக்கர்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். டேப்பும் நோட்டுமாக விமான நிலையத்துப் பக்கம் திரிகிறவனை வேறு எப்படி நினைப்பது? விஷயம் தெரிந்த பிறகு அதே கடைக்காரர்தான் நாலு பெரியவர்களை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்கு நன்றி, கொஞ்சம் பாக்கியும் இருக்கிறது.

அவனியாபுரத்து அப்பத்தாவிடம் இருந்து தொடங்குகிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் 9-ல் திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டது. அந்த வருஷம்தான் மதுரையில் ராயல் விமானப் படைக்குத் தளம் வந்தது. இதையெல்லாம் முப்பது வருஷம் வகுப்பில் தேதி பிசகாமல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தத் தளத்துக்குச் சல்லி சுமந்தது யார் என்று எனக்கே ஒருநாளும் தோன்றியதில்லை. "எங்காத்தா சல்லி செமந்துச்சு, நான் எந்தம்பியச் செமந்தேன்" என்றார் அப்பத்தா. அப்போது அவருக்குப் பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். தரையை இடித்து இறுக்கத் திமிசுக்கட்டை போடுகிற சத்தத்தில்தான் தம்பி தூங்குவானாம். சாப்பாட்டு நேரத்தில் சத்தம் நின்றதும் முழித்துக்கொண்டு வீறிடுவானாம். ஒரே கேள்வியை வேறு வேறு நாளில் மூன்று தடவை கேட்டேன். சொல்வது மாறுகிறதா என்று பார்க்கத்தான். "ஏப்பா வாத்தியாரு, ஒரு தடவ சொன்னா ஒனக்கு ஏறாதா?" என்று திட்டு வாங்கினேன். மூன்று தடவையும் சொன்னது மாறவில்லை.

அடுத்து கொத்தனார் அண்ணன். ஒரு கண்மாய்க்கரையில் பாதி புதைந்து கிடந்த கான்கிரீட் அறையை நாங்கள் 'பங்கர்', அதாவது போர்க்காலப் பதுங்கு அறை என்றே எழுதி, அளவெடுத்து, வரைபடமும் போட்டு வைத்திருந்தோம். ஒரு வருஷம் அதைச் சொல்லிப் பெருமையடித்தோம். இவர் வந்தார், உடைந்த மூலையைக் குனிந்து பார்த்தார், "சார், இது முறுக்குக் கம்பி. சண்டைக் காலத்துல ஏது முறுக்குக் கம்பி? எல்லாம் வழவழன்னு உருட்டுக் கம்பிதானே" என்றார். விசாரித்தால் அது எழுபதுகளில் கட்டிய பம்ப்செட் அறை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் அவர் வரவில்லை என்றால் அந்தப் பொய் எங்கள் நோட்டிலிருந்து நாலு பேர் நோட்டுக்குப் போயிருக்கும். இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் அவருக்குப் படம் அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

பழைய இரும்புக் கடை அண்ணாச்சி, ஆணி அடித்த அலுமினியத் தகடு எது வந்தாலும் உருக்க அனுப்பாமல் எடுத்து வைத்து எங்களுக்குப் போன் போட்டீர்களே, நன்றி. பதினொரு முறை ஓடி வந்தோம், பதினொன்றும் பஸ் பாடித் தகடு. வீண் என்று சொல்ல மாட்டேன். பஸ் தகட்டில் ரிவெட் ஆணியின் தலை குமிழாக வெளியே நிற்கும். விமானத்தின் மேல்தோலில் பெரும்பாலும் தகட்டோடு தகடாக அமுங்கி இருக்கும், வரிசையும் நெருக்கமாக இருக்கும். உள்பக்கம் அரித்துப்போகாமல் இருக்க அடித்த மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு தெரியும். பதினொரு பஸ்ஸைப் பார்த்ததால்தான் பன்னிரண்டாவதைப் பார்த்தபோது கண் பழகியிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செட்டிநாட்டு ஓடுதளத்துக்கு வழிகாட்டிய ஆட்டுக்காரத் தம்பிக்கும் நன்றி. கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் போல இதுவும் அந்தப் போருக்காகப் போட்டதுதான். சோழவரத்தில் பிற்பாடு கார்ப் பந்தயம் நடந்து பெயர் வாங்கியது. மற்றவை வெயிலில் கிடக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி ஒன்றைத் தொல்பொருள், பழஞ்சின்னம் என்று சொல்ல அதற்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும். 1942-ல் போட்ட தளத்துக்கு 2042-ல்தான் அந்த வயது வரும். அதுவரை அதைக் காப்பது அங்கே ஆடு மேய்க்கிறவரும் அளவெடுத்து எழுதி வைக்கிறவரும்தான். பழைய ஏடு கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், "அதையெல்லாம் கரையான் அரிச்சிருச்சு, எடைக்குப் போட்டாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்த அய்யாவுக்கு ஒரு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள். தெற்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க வழியில்லை என்று 1952-ல் இந்த ஓரிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். விமானப் படைக்காரர் கல்லில் பறக்கும் கழுகு இருக்கும் என்று காட்டிக்கொடுத்து, வெயிலில் என்னோடு வரிசை வரிசையாக நடந்தார். பல கற்களில் வயது இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். என் மாணவர்கள் வயது.

சரி, பன்னிரண்டாவது தகடு.

1971 டிசம்பர் 9. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் மூட்டம். இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். போருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சின்னமனூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பாகிஸ்தான் பிளேன் விழுந்துச்சே, அதுவா?" என்றுதான் கேட்டார். ஆவ்ரோ, உரிமம் வாங்கிக் கான்பூரில் நம் ஆட்களே கட்டிய ரகம் என்று நான் விளக்க, அவர் நம்பாமல் இறங்கிப் போனார்.

மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வனக் காவலர், "முடியாது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மலை இருக்கிற மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அன்று அவர் மேல் கோபம் வந்தது, இப்போது நன்றி சொல்கிறேன். நான் போயிருந்தால் ஞாபகத்துக்கு என்று ஏதாவது ஒரு துண்டைக் கட்டாயம் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

அடிவாரத்தில் ஒரு தங்கச்சியின் வீட்டில்தான் தகட்டைப் பார்த்தோம். கோழிக்கூட்டின் மேல், காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்து. அமுங்கிய ரிவெட், உள்பக்கம் பச்சை. பையன்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. அவருடைய அப்பா மலைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தாராம். வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லையாம். அதற்கு மேல் அப்பாவிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்த விமானத்தின் தகடுதான் என்று அடித்துச் சொல்ல ஒரு பாக எண்ணாவது வேண்டும், இதில் எண் இல்லை. அதனால் யார் சொன்னார்கள், எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று மட்டும் எழுதினோம்.

நான் விலை பேசினேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். "இது அப்பா வச்ச எடத்துல இருக்கட்டும் அண்ணே. வேணும்னா வந்து பாருங்க, படம் எடுத்துக்கங்க" என்றார். படம் எடுத்தோம், அளந்தோம், கூடு வீட்டுக்கு எந்தத் திசை என்பது வரை குறித்துக்கொண்டோம். எங்கள் பையன் ஒருவன் ஏன் இவ்வளவு குறிக்கிறோம் என்று அவருக்கு விளக்கியிருக்கிறான்.

போன வாரம் அந்தத் தங்கச்சியிடமிருந்து போன். மழைத் தண்ணி கூட்டுக்குள் வருகிறது என்று கூட்டைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டாராம். "தகடும் கூடவே வந்துருச்சு அண்ணே. பழைய எடத்துல இருந்து பதினாலு எட்டு தள்ளி, கெழக்கால. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன் தங்கச்சி.

நன்றியுடன்,
திருப்பரங்குன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார்